புயலுக்கு முன்னே புறப்பட்ட எங்கள் அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது மாமா என்னைக் கை காட்டினார். அக்காவின் கணவரான அவர் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீயே எழுதுடா. ஆனா படிக்கிறவங்க அழுவுற மாதிரி எழுதிடாத. உங்க அக்காவுக்கு அது புடிக்காது."

அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது புதுச்சேரியை ஒட்டிய நோணாங்குப்பத்தில், வீட்டுக்கு முதல் குழந்தையாக. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அக்கா பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா தவறிவிட்டார். அந்தக் கோடையிலேயே அக்கா தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அந்தச் சம்பளம்தான் காப்பாற்றியது. ஆனால் அதைப் பெரிய தியாகமாக யாராவது பேசினால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "இன்னா தியாகம்? எனக்குக் கணக்குப் பாடம் வரல. தப்பிச்சேன்னு ஓடிட்டேன்" என்பார். சேர்ந்த பிரிவிலேயே சூப்பர்வைசராக உயர்ந்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு. அவரோடு போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

அந்தக் குரலால்தான் கல்யாணமும் நடந்தது. மாமா அப்போது புதிதாக சவுண்டு சர்வீஸ் தொடங்கியிருந்தார். ஊர்த் திருவிழாவில் ஒரு குழாய் ஸ்பீக்கரை நேராக எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார். எனக்கு அப்போது பரீட்சை நேரம். அக்கா நேரே போய்ச் சண்டை போட்டார். மாமாவின் மைக் ஆன் செய்யப்பட்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அக்கா திட்டியது மொத்தமும் ஊருக்கே கேட்டது. மாமா உடனே ஏணியில் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினார். மறு ஆண்டு அவர்களுக்குத் திருமணம் நடந்தது. ஒரே மகள் தேன்மொழி பிறந்தாள்.

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அக்காவுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே வந்துவிட்டன. பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டுமே செயலிழந்துவிட்டன என்று டாக்டர்கள் சொன்னார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதல் நாள் நாங்கள் எல்லாரும் கலங்கிப் போய் வெளியே உட்கார்ந்திருந்தோம். அக்கா வெளியே வரும்போது நாலு பேருடைய குடும்பக் கதையைத் தெரிந்துகொண்டு வந்தார்.

அந்த நாலு பேரில் இருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ரஹ்மத். முல்லா வீதியில் தையல் கடை வைத்திருப்பவர், அக்காவை விட இளையவர். இன்னொருவர் பக்கத்துப் படுக்கை சொல்தா ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவருடைய மனைவி காலமாகிவிட்டார், மகன் பிரான்சில். தனியாக இருந்தார். அக்காவை மதாம் என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடுவார். தவறாமல் ஷூ போட்டுக்கொண்டுதான் டயாலிசிஸுக்கு வருவார்.

டயாலிசிஸ் தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு புயல் அடித்தது. கடலூர் சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. சனிக்கிழமை முறைக்கு அக்கா போக முடியவில்லை. ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டோம். ஊரில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆனால் விழுந்த தென்னை மரங்களில் இளநீர் ஏராளம். உடம்புக்கு நல்லது என்று மாமாவே வெட்டிக் கொடுத்தார். அக்கா இரண்டு இளநீர் குடித்தார்.

மறுநாள் காலையில் அக்காவுக்குக் கை கால் துவண்டது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது, மூச்சு வாங்கியது. மரம் அறுக்க வந்திருந்த டிராக்டரில் அக்காவை உட்கார வைத்து, வயல் ஓரமாகவும் சந்து வழியாகவும் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். சற்று நேரம் தாமதித்திருந்தால் இந்த மலரை அப்போதே அச்சடித்திருக்க வேண்டும் என்று அக்காவே பின்னாளில் சொல்வார்.

கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எமன் எருமையில வருவான்னு சொன்னாங்க. நான் டிராக்டர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்டா தம்பி."

ஆனால் வீடு திரும்பிய பிறகு அக்கா அந்த விஷயத்தைச் சிரித்து விட்டுவிடவில்லை. புயல் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி. நாம்தான் தயாராக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். டயாலிசிஸ் சென்டரில் வேலை பார்க்கும் ராஜகுமாரி சிஸ்டரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு பை தயாராகிவிடும். ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், கடைசி டயாலிசிஸ் சீட்டின் நகல், டார்ச், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி, உப்பில்லாத பிஸ்கெட், அவல், நாக்கு வறண்டால் வாயில் போட்டுக்கொள்ள புளிப்பு மிட்டாய், தண்ணீர் அளந்து குடிக்க ஒரு சின்ன டம்ளர். முறை தவறினால் அந்த டம்ளர் தண்ணீரையும் பாதியாகக் குறைக்க வேண்டும், பழமும் இளநீரும் தொடவே கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்தார். மெஷினில் இருக்கும்போது ஏதாவது ஆபத்து வந்தால் குழாயில் கிளிப் போட்டுத் தன்னைத் தானே விடுவித்துக்கொள்வது எப்படி என்றும் சிஸ்டரிடம் கற்றுக்கொண்டார்.

தான் மட்டும் தயாரானால் போதாது என்று சென்டரில் இருந்த அத்தனை பேரையும் ஒரு பை வைத்துக்கொள்ளச் சொன்னார். ரஹ்மத் எல்லாருக்கும் கடைத் துணியில் தைத்துக் கொடுத்தார். சொல்தா ஐயா மட்டும் வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

"நான் ஆப்பிரிக்காவுல மணல் புயலே பார்த்தவன், மதாம். இங்க வர்றது வெறும் தண்ணி."

"ஐயா, தண்ணிதான் நமக்கு எமன்" என்றார் அக்கா.

தேன்மொழிக்குக் கல்யாணம் ஒரு கார்த்திகை மாதத்தில் என்று முடிவானது. மண்டபம் பார்க்கப் போனோம். எனக்கும் மாமாவுக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே உப்பங்கழியைப் பார்த்தபடி இருந்த பெரிய மண்டபம் பிடித்திருந்தது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று தேன்மொழியும் சொன்னாள். அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. நகருக்குள், டயாலிசிஸ் சென்டர் இருக்கும் அதே தெருவில், மேட்டுப் பகுதியில் ஒரு சுமாரான மண்டபத்தைப் பிடித்தார்.

"கார்த்திகையில கல்யாணம். மழை வந்தா நான் பொண்ணப் பார்ப்பனா, டயாலிசிஸ் பார்ப்பனா? ரெண்டும் ஒரே தெருவுல இருக்கட்டும்" என்றார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமையே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. அக்கா பத்திரிகை வைப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். முதல் அழைப்பு பண்ருட்டியில் இருந்த சம்பந்திக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வர வேண்டாம், மதியத்துக்குள்ளேயே மாப்பிள்ளையோடு வந்துவிடுங்கள் என்றார். அடுத்தது சென்டருக்கு. சனிக்கிழமை முறைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமையே டயாலிசிஸ் செய்ய முடியுமா என்று கேட்டார். சிஸ்டரும் டாக்டரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் போன்.

"வெள்ளிக்கிழமை மெஷின முடிச்சுட்டு அப்படியே மண்டபத்துக்கு வந்துடுங்க. ரூமு இருக்குது. உங்களுக்குத் தனி சமையல். கல்யாணத்துக்கு வந்த மாதிரியும் ஆச்சு, புயலுக்கு ஒதுங்கின மாதிரியும் ஆச்சு. பைய மறந்துடாதீங்க."

கிராமங்களில் இருந்து வருகிறவர்கள், தாழ்வான பகுதியில் வீடு உள்ளவர்கள் என்று பத்துப் பேருக்கு மேல் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ராஜகுமாரி சிஸ்டரையும் அக்கா மண்டபத்திலேயே தங்க வைத்தார். சொல்தா ஐயா மட்டும் வரவில்லை. "என் முறை சனிக்கிழமை. சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான், மதாம். டிசிப்ளின்" என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சென்டரைத் திறக்க முடியவில்லை. அன்று இரவு கரையைக் கடந்த புயல், கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. ஞாயிறு விடிந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மண்டபத்தில் மட்டும் மாமாவின் ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் சீரியல் செட் மின்னியது. அழைத்த உறவினர்களில் பாதிப் பேருக்கு மேல் வர வழியில்லை.

தலையில் பூ வைத்துக்கொண்டே அக்கா சொல்தா ஐயாவுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேச்சு துண்டு துண்டாக வந்தது. அக்காவுக்கு அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று தெரியும்.

"தம்பி, உங்க மாமாவோட சின்ன லாரிய எடுத்துட்டுப் போ. ஐயாவக் கூட்டிட்டு வந்துடு. படுக்க வைக்காத, உட்கார வச்சே கொண்டா."

மாமாவிடம் வேலை செய்யும் இருவரோடு கிளம்பினேன். ஐயாவின் தெருமுனையில் இடுப்பளவு தண்ணீர். நல்லவேளையாகத் தேங்காய்த்திட்டு மீனவர்கள் ஒரு ஃபைபர் படகை அங்கே இறக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் ஐயாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த மூச்சுத் திணறலிலும் அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். மடியில் ரஹ்மத் தைத்துக் கொடுத்த பை இருந்தது. என்னைப் பார்த்ததும், "மதாம் கிட்ட... பை எடுத்துட்டு வந்தேன்னு... சொல்லு" என்றார்.

சென்டருக்கு வந்தால் அங்கே வேறு சிக்கல். மெஷின்கள் மாடியில் பத்திரமாக இருந்தன. மேல் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் பின்பக்கம் இருந்த அவர்களுடைய ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கிவிட்டது. முன்பே அங்கே வந்திருந்த ராஜகுமாரி சிஸ்டர் ஐயாவுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு, என்னோடு மண்டபத்துக்கு நனைந்தபடி ஓடி வந்தார். அக்கா கேட்டுக்கொண்டே மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, வண்டிய அங்க கொண்டு போங்க."

மாமா தயங்கினார். "தாலி கட்டுற நேரம் வரப்போவுது. லைட்டு, மைக்கு, வீடியோ எல்லாம் இதுலதான்..."

"இருட்டுல கட்டினா தாலி அவுந்துடுமா?"

ஆனாலும் சம்பந்தியைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அக்கா அவரிடமே போய் நின்றார். பட்டுப்புடவை. ஊசி போடும் இடது கையை இறுக்கக் கூடாது என்பதால் அத்தனை வளையலும் வலது கையில். அந்தக் கையையும் சேர்த்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சம்பந்தி மேடையைப் பார்த்தார், மின்னிக்கொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

"நாலு மணி நேரம்."

"அப்ப சாப்பாடு?"

"கேஸ் அடுப்புதான் சம்பந்தி. அதுக்குக் கரண்ட் வேணாம்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா கேட்டுக்குனு நிக்கிறீங்க? அனுப்புங்க வண்டிய!"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வண்டியை ஓட்டிப் போனார். வயரிங் தெரிந்தவர் என்பதால் சென்டரின் மெயின் போர்டில் இணைப்புக் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. தெருவின் அந்தக் கோடியில் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்ததை மண்டபத்து வாசலில் நின்று பார்த்தோம். யாரோ கை தட்டினார்கள். அடுத்த நொடி எல்லாரும் தட்டினோம். டாக்டரும் குடையோடு வந்து சேர்ந்துவிட்டார்.

மண்டபத்துக்குள் இருட்டு. ஜன்னல்களைத் திறந்தால் சாரல். குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஐயர் மந்திரம் சொன்னார். மாமா முழுக்க நனைந்து, கன்னிகாதானத்துக்குச் சரியாக வந்து நின்றார். தாலி எடுக்கும் நேரத்தில் வீடியோக்காரர், "ஒண்ணுமே தெரியலயே" என்று புலம்பினார். அப்போதுதான் ரஹ்மத் எழுந்து தன் பையைத் திறந்து டார்ச்சை எடுத்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டயாலிசிஸ்காரர்கள் அத்தனை பேரும் மேடையைச் சுற்றி நின்று மணமக்கள் மேல் வெளிச்சம் அடித்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலேயே மண்டபத்தை அதிர வைத்தன. தேன்மொழியின் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் அக்கா அட்சதை போடவில்லை. கையில் அரிசியை வைத்துக்கொண்டு, போட மறந்து, வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

காய்களை வேக வைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, உப்புக் குறைத்துச் செய்த தனிச் சமையல் ஒரு பந்தியில். பாயசம் சின்ன டம்ளரில் பாதி. "இதுக்கு மேல கேட்டா சிஸ்டர் கிட்ட சொல்லிடுவேன்" என்று அக்காவே பரிமாறினார். கடைசிப் பந்தியில் சொல்தா ஐயா நடந்தே வந்தார். தலையில் ராணுவத் தொப்பி. எல்லாரும் ஓவென்று கத்தினோம். அவர் அக்காவுக்கு ஒரு சல்யூட் அடித்து, "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார்.

"மெர்சி இருக்கட்டும். அடுத்த புயலுக்கு முதல் ஆளா வருவீங்களா?"

"வர்றேன், வர்றேன். இது ஆப்பிரிக்காவ விட மோசம்."

பிறகு மணமக்களுக்காகப் பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடினார். ஒருவருக்கும் அர்த்தம் புரியவில்லை. சம்பந்தி மட்டும் தாளம் போட்டுத் தலையாட்டி, "நல்லா இருக்குதுங்க, இன்னொரு தடவ" என்றார். ஜெனரேட்டர் எப்படியும் அங்கேதானே ஓடுகிறது என்று, அன்று பிற்பகலில் அக்காவும் ரஹ்மத்தும் மற்றவர்களும் முறை போட்டுக்கொண்டு டயாலிசிஸ் செய்துகொண்டார்கள். மணப்பெண்ணின் தாய் கல்யாணப் பட்டுப்புடவையோடு மெஷினில் படுத்திருக்க, புதுத் தம்பதி அங்கேயே போய்க் காலில் விழுந்து ஆசி வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு பேத்தி பிறந்தாள். டயாலிசிஸுக்காக அக்காவின் இடது கையில் ஒட்ட வைத்த ரத்தக் குழாய் எப்போதும் உர்ரென்று அதிரும். அந்தக் கையில் கன்னத்தை வைத்தால்தான் குழந்தைக்குத் தூக்கம் வரும். "ஆயா கையில மோட்டாரு ஓடுது பாரு" என்று அக்கா கொஞ்சுவார்.

இதயம் தளர்ந்துவிட்டது என்று சென்ற ஆண்டு டாக்டர்கள் சொன்னார்கள். கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி அதிகமில்லை. எங்களுடன் பேசினார், திட்டினார், ராஜகுமாரி சிஸ்டருக்கு மாப்பிள்ளை பார்த்தார். ஒரு காலை நேரம், மாமா தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது.

அக்காவுக்கு டயாலிசிஸ் செய்த டாக்டர், சிஸ்டர், சென்டர் ஊழியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டிராக்டர் ஓட்டிவந்த ஊர்க்காரருக்கும், பெயர் கூடச் சொல்லாமல் படகைத் திருப்பிக்கொண்டு போன தேங்காய்த்திட்டு மீனவர்களுக்கும், விளக்கைக் கொடுத்துவிட்டுச் சோறு போதும் என்ற சம்பந்திக்கும் நன்றி. பையைத் தைத்துக் கொடுத்த ரஹ்மத், இந்த மழைக்காலத்திலும் அக்காவின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் போன் செய்தார். உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால் அவருக்கும் இந்த ஆண்டே ஒரு பை தயார் செய்யுங்கள், எச்சரிக்கை வந்த அன்றே சென்டருக்குப் போன் செய்யுங்கள். இதை அக்காவின் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு விளக்கம். திதி வியாழக்கிழமை வந்திருக்க, படையலை அன்று முடித்துவிட்டு விருந்தை மட்டும் ஏன் வெள்ளிக்கு வைத்தீர்கள் என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். வியாழக்கிழமை அக்காவின் சிநேகிதர்களுக்கு டயாலிசிஸ் நாள். மாமா காலண்டரைப் பார்த்ததுமே, "அவங்க வராத சாப்பாடு அவளுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் அனைவரும் வாருங்கள். உப்புக் குறைத்த பந்தி வலது பக்கம். அந்தப் பந்திக்குத்தான் முதலில் இலை போடுவோம்.

— தம்பி